முதலில் சப்ளை, அப்புறம்தான் சத்தம்

செவ்வாய்க்கிழமை என்றால் உவரியில் கோடி அற்புதர் புனித அந்தோணியார் கோயிலுக்குக் கூட்டம் வந்துவிடும். தைப்பூசத்துக்கும் வைகாசி விசாகத்துக்கும் கடலோரத்துச் சுயம்புலிங்க சுவாமி கோயில் நிரம்பி வழியும். சுற்றுப்பட்டு ஊர்களில் நடக்கிற அம்மன் கொடைகள் தனி. திருப்பலியோ வில்லுப்பாட்டோ, கடைசி ஆள் வரைக்கும் கேட்க வேண்டுமானால் மைக் செட் வேண்டும். அந்த மைக் செட்டுகளைப் பழுது பார்க்கவும் புதிதாக அசெம்பிள் செய்யவும் தெரிந்தவர்கள் இந்தக் கடற்கரையில் இன்னும் இருக்கிறார்கள். சொந்தமாக ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்து பார்க்க நினைப்பவர் எங்கே தொடங்குவது என்று கேட்டுக்கொண்டு அப்படி ஒரு மெக்கானிக்கின் கடைக்குப் போனேன்.

சின்னக் கடைதான். சுவரெல்லாம் குழாய் ஸ்பீக்கர்கள். மேசையில் மூடி கழற்றிய ஆம்ப்ளிஃபயர்கள். தரையில் உட்கார்ந்து, வேலை கற்றுக்கொள்ள வந்திருக்கும் ஒரு பையன் தன் முதல் செட்டைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"பயலுவ எடுத்த எடுப்புல ஆயிரம் வாட்ஸ் வேணும்னு வந்து நிக்கானுவ. மொதல்ல பத்து வாட்ஸ ஒழுங்கா பாட வைங்கல, பொறவு பாக்கலாம்னு சொல்லிருவேன்" என்றார் மெக்கானிக் அண்ணாச்சி.

பையன் கையில் இருந்தது டிடிஏ2030 ஐசி. ஐந்தே கால்கள். 4 ஓம் ஸ்பீக்கரில் சுமார் 14 வாட்ஸ் தரும். கூடவே சில ரெசிஸ்டர், கண்டென்சர் போட்டால் ஒரு சேனல் முடிந்தது. வீட்டு ஹாலுக்கு இது தாராளம். ஆனால் அண்ணாச்சி அவனை ஐசியில் கை வைக்க விடவில்லை. முதலில் சப்ளையைக் கட்டு என்றார்.

"12-0-12 டிரான்ஸ்பார்மர் வாங்கிட்டு வாலன்னா, சத்தம் கூட வருமேன்னு 15-0-15 வாங்கிட்டு வருவானுவ. அன்னைக்கே ஐசி போயிரும்."

காரணம் எளிய கணக்கு. டிரான்ஸ்பார்மர் தரும் 12 வோல்ட் ஏசி, டையோடுகளைத் தாண்டிக் கண்டென்சரில் நிரம்பும்போது 1.41 மடங்காகும். டையோடில் இழப்பதைக் கழித்தால் இரண்டு பக்கமும் சுமார் 16 வோல்ட் நிற்கும். இந்த ஐசி தாங்கும் எல்லை இரு பக்கமும் 18. பதினைந்தைக் கொடுத்தால் 20-ஐத் தாண்டிவிடும். பார்ட்ஸ் வாங்கும் முன் ஐசியின் டேட்டா ஷீட்டைப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்து அவர் காட்டியது மைக்கா. ஐசியின் முதுகில் இருக்கும் உலோகத் தகடு உள்ளுக்குள் மூன்றாம் காலோடு, அதாவது மைனஸ் சப்ளையோடு சேர்ந்திருக்கிறது. அதை அப்படியே ஹீட் சிங்க்கில் முறுக்கி, ஹீட் சிங்க் எர்த்தான பெட்டியில் பட்டால் சப்ளை ஷார்ட் ஆகும். அதனால் நடுவில் மெல்லிய மைக்கா தாள், அதன் இரு பக்கமும் வெள்ளைப் பேஸ்ட், ஸ்க்ரூவுக்கு ஒரு பிளாஸ்டிக் வாஷர். பையன் ஸ்க்ரூவை முறுக்கியதும் மீட்டரைப் பீப்பில் வைத்து ஒரு முனையைத் தகட்டிலும் மறு முனையை ஹீட் சிங்க்கிலும் தொட்டான். சத்தம் வரவில்லை. அண்ணாச்சி தலையசைத்த பிறகுதான் அடுத்த வேலைக்குப் போனான்.

கட்டி முடித்ததும் நேராகக் கரண்ட் கொடுக்கவில்லை. மேசை ஓரத்துப் பலகையில் ஒரு குண்டு பல்பு இருந்தது. அதன் வழியாகத்தான் எந்தப் புதுச் செட்டுக்கும் முதல் கரண்ட். சீரிஸ் பல்பு என்பார்கள். கண்டென்சர் நிரம்பும் நேரம் பல்பு பளிச்சிட்டு மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்தால் எங்கேயோ ஷார்ட்; பல்பு கரண்டைத் தடுத்துவிடுவதால் பார்ட்ஸ் தப்பிக்கும். பல்பு மங்கியது. அப்போதும் ஸ்பீக்கரை மாட்டவில்லை. அவுட்புட்டில் டிசி வோல்டேஜ் பார்த்தார்கள். சில மில்லிவோல்ட் இருந்தால் பரவாயில்லை. வோல்ட் கணக்கில் நின்றால் ஸ்பீக்கரின் காயில் கருகும்.

பாட்டு வந்தது. கூடவே லேசான உறுமல். புதிதாகச் செய்பவர்களை அதிகம் சோர்வடைய வைப்பது இந்த ஹம்மிங்தான். பையன் எர்த் வயர்களை வசதிப்பட்ட இடத்திலெல்லாம் சேர்த்திருந்தான். அண்ணாச்சி எல்லாவற்றையும் கழற்றி, இரண்டு பெரிய கண்டென்சர்கள் சேரும் ஒரே புள்ளியில் கொண்டுவந்து பற்றவைத்தார். இன்புட்டுக்கு ஷீல்டு வயர் போட்டு, டிரான்ஸ்பார்மரைத் தள்ளி வைத்தார். உறுமல் அடங்கியது.

உவரியில் இந்தத் தொழிலுக்கு இன்னொரு எதிரி உப்புக்காற்று. செம்பு பச்சை பூத்துவிடும். போர்டில் மிச்சமிருக்கும் பிளக்ஸில் ஈரம் ஏறும். அதனால் பற்றவைத்ததும் தின்னர் போட்டுத் துடைத்து, வார்னிஷ் பூசுகிறார்கள். கூடியமட்டும் ஃபேன் வைப்பதில்லை, பெரிய ஹீட் சிங்க்காகப் போடுகிறார்கள். ஃபேன் உப்பையும் சேர்த்து உள்ளே இழுக்கும் அல்லவா?

தெருநீளத்துக்கு வயர் இழுக்கும் கணக்கும் அண்ணாச்சிக்கு மனப்பாடம். 100 வாட்ஸை 4 ஓமில் அனுப்பினால் வயரில் 5 ஆம்பியர் ஓடும். அதையே 100 வோல்ட் லைனில் அனுப்பினால் 1 ஆம்பியர்தான். வயரில் வீணாகும் சக்தி இருபத்தைந்தில் ஒரு பங்காகிறது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்கிற 2000-ஆம் ஆண்டு விதிகளும் அவருக்குத் தெரியும். "சத்தம் போடுததுக்கா படிச்சோம்? தெளிவா கேக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

இன்று ப்ளூடூத்தோடு ரெடிமேட் போர்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. அதை மாட்டிப் பாட்டுக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் அது கெட்டால் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை. எதையும் கற்றுத் தருவதுமில்லை. ஒவ்வொரு பார்ட்டும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு சின்னச் செட்டைக் கையால் கட்டியவருக்குத்தான் சப்ளையும் சூடும் எர்த்தும் புரியும். இந்த மூன்றும் கைவந்தால் ஆயிரம் வாட்ஸ் எட்டாத தூரமில்லை. இதையெல்லாம் கையில் வைத்திருக்கும் மெக்கானிக்குகளை ஐடிஐ, பாலிடெக்னிக்குகள் வகுப்புக்கு அழைத்துப் பேச வைக்க வேண்டும். அவர்களுடைய அறிவு எந்தப் பாடப்புத்தகத்துக்கும் குறைந்ததல்ல.

தொடங்க நினைப்பவர்களுக்கு: 25 வாட்ஸ் சால்டரிங் அயர்ன், நல்ல ஈயம், ஒரு மீட்டர் போதும். முதல் செட்டை 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் எல்ஏ4440 ஐசியில் கட்டுங்கள். வீட்டுக் கரண்டைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. 230 வோல்ட்டுக்குப் போகும் நாளில் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். ஈயம் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். உங்கள் ஊரிலும் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடை இருக்கும். போய்க் கேளுங்கள், சொல்லித் தருவார்கள்.