ஆட்டம் முடிந்த இரவின் இரயில்



காலடிப்பேட்டைக்காரர்களுக்குச் சேப்பாக்கம் ஒரு காலத்தில் வெளியூர் போலத்தான் இருந்தது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு இடையே பேருந்து ஊர்ந்து ஊர்ந்து பாரிமுனை வந்து சேர்வதற்குள் நாணயச் சுழற்சி முடிந்து சில ஓவர்களும் போய்விடும். திரும்பி வருவது அதைவிடக் கடினம். எனவே எங்கள் அத்தா காலத்தில் கிரிக்கெட் என்பது வானொலியில் கேட்பது. கால்பந்துதான் கண்ணால் பார்ப்பது. 2021 பிப்ரவரி 14 அன்று மெட்ரோ பாதை வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டபின் எல்லாம் மாறிவிட்டது. காலடிப்பேட்டையில் ஏறினால் ஒன்பதாவது நிறுத்தம் அரசினர் தோட்டம். அங்கிருந்து வாலாஜா சாலை வழியே நடந்தால் அரங்கம். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இப்போது சேப்பாக்கம் பக்கத்துத் தெரு.

அதற்கு மேல் ஒரு வசதியும் சேர்ந்துகொண்டது. அண்மை ஆண்டுகளில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் ஆட்டத்துக்குச் சீட்டு வாங்கியவர்கள், அந்தச் சீட்டைக் காட்டியே மெட்ரோவில் கட்டணமின்றிப் போய்த் திரும்பலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். வழக்கமாக இரவு 11 மணியோடு ஓய்வெடுக்கும் இரயில்கள் ஆட்ட நாள்களில் நள்ளிரவு கடந்தும் ஓடின. நல்ல ஏற்பாடு, அதில் மறுப்பில்லை. மோட்டார் சைக்கிளில் மூவராக ஏறிக்கொண்டு கடற்கரைச் சாலையில் பறப்பதைவிடப் பிள்ளைகள் இரயிலில் வருவது பெற்றோர் நெஞ்சுக்கு ஆறுதல்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அரங்கில் ஏறத்தாழ 38,000 பேர் அமரலாம். நான்கு பெட்டிகள் கொண்ட மெட்ரோ இரயில் ஒன்று, நெருக்கி நின்றால், 1,200 பேர் அளவுக்கு ஏற்றிச் செல்லும். அரங்கிலிருந்து பத்தாயிரம் பேர் மட்டும் மெட்ரோவை நாடினாலும் எட்டு, ஒன்பது இரயில்கள் வேண்டும். அவை ஒவ்வொன்றும் காலியாக வந்து நிற்கவும் வேண்டும். விமான நிலையத்திலிருந்து வரும் இரயில் காலியாக வருவதில்லை. நந்தனத்திலும் தேனாம்பேட்டையிலும் ஏறியவர்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள். போகும்போது இந்த நெருக்கடி தெரிவதில்லை; மாலை நான்கு மணிக்குப் புறப்படுபவரும் உண்டு, ஆட்டம் தொடங்கிய பிறகு வருபவரும் உண்டு. திரும்பும்போதோ எல்லோருக்கும் ஒரே நிமிடத்தில் வீட்டு நினைவு வந்துவிடுகிறது. மூன்று மணி நேரமாக வந்து சேர்ந்த கூட்டம் கால் மணி நேரத்தில் ஒரே படிக்கட்டில் இறங்க முயல்கிறது.

உலகெங்கும் விளையாட்டு அரங்குகளின் துயரங்களில் பல இந்தக் கால் மணி நேரத்தில் நிகழ்ந்தவை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1971 ஜனவரி 2 அன்று கால்பந்து ஆட்டம் முடிந்து ஐப்ராக்ஸ் அரங்கின் படிக்கட்டு ஒன்றில் இறங்கியவர்களில் 66 பேர் நெரிசலில் மாண்டனர். சண்டை இல்லை, கலவரம் இல்லை, வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். நம் பக்கத்து மாநிலத்தில் 2025 ஜூன் 4 அன்று வெற்றிக் கொண்டாட்டத்துக்காகப் பெங்களூரு சின்னசாமி அரங்கின் வாயில்களில் திரண்டவர்களில் 11 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். அன்று அருகிலிருந்த மெட்ரோ நிலையங்களில் இரயிலை நிறுத்தாமலே அனுப்ப வேண்டியிருந்தது.

நம் சென்னையும் 2024 அக்டோபர் 6-ஐ மறக்க முடியாது. அது ஆட்டமன்று, மெரினாவில் விமானப் படையின் சாகச நிகழ்ச்சி. ஆயினும் கூட்டத்தின் இயல்பு ஒன்றுதான். அந்த ஞாயிறு நண்பகலில் நிகழ்ச்சி முடிந்ததும் இலட்சக்கணக்கானோர் ஒரே வேளையில் நிலையங்களை நோக்கி நடந்தனர். பறக்கும் இரயில் பாதையில் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடைப்பட்ட பகுதி, நான்காவது தண்டவாளப் பணிக்காக 2023 ஆகஸ்டிலிருந்தே மூடிக்கிடந்தது. வடசென்னைக்காரர்களுக்கு அந்த வழி இல்லை. அன்று ஐந்து பேர் உயிரிழந்தனர். வெயிலின் தாக்கமே காரணம் என்று அரசுத் தரப்பு விளக்கியது. உச்சி வெயிலில் கூட்டத்திலிருந்து விலகி நிழலுக்குப் போக வழியில்லாமல் நிற்பது எப்படிப்பட்டது என்பதை அன்று அங்கு போய் வந்தவர்கள் இன்றும் எங்கள் தெருவில் சொல்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு இந்த விஷயம் வேறொரு வழியில் வந்து சேர்ந்தது. பெரியத்தா அந்தப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் இருந்த நாள்கள் அவை. முறை வைத்துத் துணைக்கு இருப்போம். ஓர் இரவு முறை மாறி அம்மாவும், ஏழு மாதக் கர்ப்பிணியான தங்கையும், நாங்களுமாகத் திரும்பியபோது ஆட்டம் முடிந்திருந்தது. அரசினர் தோட்டம் நிலையத்தின் நடைமேடை முழுவதும் மஞ்சள் சட்டை. அம்மாவுக்கு முழங்கால் வலி. தங்கை துப்பட்டாவை இழுத்துப் பிடித்து வயிற்றின் குறுக்கே கையை வைத்துக்கொண்டு நின்றாள். இரயில் வந்தது. இறங்க வேண்டியவர்கள் இறங்குவதற்குள் ஏறுகிறவர்கள் நுழைந்துவிட்டார்கள். பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பெட்டியின் கதவுக்கு எதிரே நாங்கள் நின்றோம். அதற்குள்ளும் ஆண்களே முதலில் பாய்ந்தனர். ஒருவருடைய முழங்கை அம்மாவின் தோளில் பலமாகப் பட்டது. அவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அணியின் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தார்.

இரண்டு இரயில்களை விட்டுவிட்டோம். மூன்றாவதில் ஊதலைக் கழுத்தில் மாட்டியிருந்த ஓர் இளைஞர் தங்கையைக் கவனித்தார். நண்பர்கள் நால்வரையும் கதவோரம் கைகோத்து நிற்கச் சொல்லி ஒரு வழி ஏற்படுத்தி, இருவரையும் உள்ளே அனுப்பி, அமர்ந்திருந்தவர்களை எழுப்பி இடமும் வாங்கிக் கொடுத்தார். நெற்றியில் திருநீறு. அவர் பெயரை நாங்கள் கேட்கவில்லை. அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்கட்டும்.

மண்ணடி வந்தது. முதல் இரயில்களில் முண்டியடித்து ஏறியவர்களைப் போலவே இந்தப் பெட்டியிலிருந்தும் ஒரு கூட்டம் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து இறங்கியது. "ஸலாம் பாய், நாளைக்குப் பார்ப்போம்" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு போனார்கள். அதுவரை பேசாமலிருந்த அம்மா, "இவங்க நம்ம பிள்ளைங்கதானா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விதான் இதை எழுத வைத்தது.

ஏனெனில் கூட்டம் கலையும் நேரத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை நம் மார்க்கம் பேசாமல் விடவில்லை. உலகில் மிகப் பெரிய கூட்டம் கலையும் நேரங்களில் ஒன்று நம்முடையதுதான்: அரஃபா மைதானத்தில் சூரியன் மறைந்ததும் எல்லா ஹாஜிகளும் ஒரே வேளையில் முஸ்தலிஃபாவை நோக்கிப் புறப்படும் அந்த மாலை. நபி (ஸல்) அவர்களின் ஹஜ்ஜை விவரிக்கும் ஜாபிர் (ரலி) அவர்களின் நீண்ட அறிவிப்பு ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அன்று நபியவர்கள் கஸ்வா ஒட்டகத்தின் கடிவாளத்தை எவ்வளவு இறுக்கிப் பிடித்தார்களென்றால், அதன் தலை சேணத்தைத் தொடும் அளவுக்கு வந்தது. வலக்கையை அசைத்து, மக்களை அமைதியாகச் செல்லும்படி மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டார்கள். மேடு வந்த இடங்களில் மட்டும் ஒட்டகம் ஏறுவதற்காகக் கடிவாளத்தைச் சற்றுத் தளர்த்தினார்கள். பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் இரைச்சல் கேட்டபோது, நன்மை விரைவில் இல்லை என்று உணர்த்தியதாக இப்னு அப்பாஸ் (ரலி) வழியாகப் புகாரீயில் வருகிறது. அன்று நபியவர்களின் பின்னே அமர்ந்திருந்த உஸாமா பின் ஸைத் (ரலி) இன்னொரு நுட்பத்தைச் சொல்கிறார்: நடுத்தர வேகத்தில் சென்றார்கள், முன்னே இடைவெளி கிடைத்தபோது மட்டும் விரைந்தார்கள். இடைவெளி இருந்தால் வேகம், இல்லையென்றால் நிதானம். இரயில் நிலையங்களில் கயிறு கட்டிக் கூட்டத்தைப் பகுதி பகுதியாக விடுகிற காவலர்கள் செய்வதும் இதுவேதான்.

இன்னொன்றும் அந்த ஹஜ்ஜில் நடந்தது. நம் சொற்பொழிவுகளில் இது போதிய அளவுக்குச் சொல்லப்படுவதில்லை என்பது எங்கள் எண்ணம். அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் உடல் கனத்தவர், நடை மெதுவானவர். மக்களின் நெரிசல் தொடங்கும் முன்பே முஸ்தலிஃபாவிலிருந்து இரவிலேயே புறப்பட அனுமதி கேட்டார், நபியவர்கள் அனுமதித்தார்கள். குடும்பத்தின் பலவீனமானவர்களோடு சிறுவராயிருந்த இப்னு அப்பாஸும் முன்னதாக அனுப்பப்பட்டார். ஒரு வணக்கத்தின் நேர ஒழுங்கே நடக்க முடியாத ஒரு பெண்ணுக்காக நெகிழ்ந்து கொடுத்தது. எங்கள் தங்கைக்காக ஓர் ஊதல்காரர் செய்ததை அன்று இரவு இதனோடு சேர்த்துத்தான் நினைத்தோம்.

தொழுகைக்கும் இதே சட்டம். இகாமத் சொல்லப்பட்டாலும் ஓடி வராதீர்கள், நிதானமாக நடந்து வாருங்கள், கிடைத்த ரக்அத்தைத் தொழுது விடுபட்டதை நிறைவு செய்யுங்கள் என்பது புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ள கட்டளையின் கருத்து. அல்லாஹ்வின் முன் நிற்கவே ஓடக் கூடாதென்றால், ஏழு நிமிடத்தில் அடுத்து வரப்போகும் ஓர் இரயிலுக்காக ஏன் ஒரு கர்ப்பிணியின் மேல் மோத வேண்டும்?

இன்று அதே அரஃபா, முஸ்தலிஃபா, மினா வழித்தடத்தில் இரயிலே ஓடுகிறது. 2010 ஹஜ்ஜில் தொடங்கிய அந்தப் பாதை சுமார் 18 கிலோமீட்டர், ஒன்பது நிலையங்கள். ஆண்டில் ஹஜ்ஜின் சில நாள்களுக்கு மட்டுமே இயங்குகிறது. குழு குழுவாக, நேரம் குறித்து, முன்னால் போனவர்கள் ஏறிய பின்னரே அடுத்தவர்களை நடைமேடைக்கு விடுகிறார்கள். கத்தாரில் 2022 உலகக் கோப்பையின்போது தோஹா மெட்ரோவில் இரசிகர்களுக்குக் கட்டணமில்லை. உயரமான நாற்காலியில் அமர்ந்து, பெரிய நுரைக் கையை நீட்டி, மெட்ரோ எந்தப் பக்கம் என்று பாட்டுப் போலக் கூவி வழிகாட்டிய கென்ய இளைஞரைப் பலரும் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். ஒரு மனிதரின் சிரித்த முகம் ஒரு கூட்டத்தின் சினத்தை இறக்கி வைத்தது. இங்கே ஒலிபெருக்கி அதட்டினால்தான் வேலை நடக்கும் என்று நம்மில் பலர் ஏன் நம்புகிறோமோ!

நிர்வாகத்தின் கடமைகளை நாங்கள் சிறிதாக்கவில்லை. கூடுதல் இரயில், அகலமான படி, பெண்கள் பெட்டிக்கு ஆட்ட இரவுகளில் காவலர் என்று கேட்க வேண்டியவை உண்டு. கேட்பது நம் உரிமை. கால்பந்து இரசிகர்களும் இதில் அடக்கம், சென்னையின் எஃப்.சி. ஆட்டத்துக்கு நேரு அரங்கம் போய், சென்ட்ரலில் ஏறி வடக்கே திரும்புகிறவர்கள் வியாசர்பாடியிலும் இங்கும் நிறையப் பேர். கொச்சியில் பிளாஸ்டர்ஸ் ஆடும் நாளில் அரங்க வாசலிலேயே உள்ள நிலையத்திலிருந்து மெட்ரோவை நீட்டித்து ஓட்டுகிறார்கள். இங்கும் கால்பந்துக்கு அத்தகைய கவனிப்பு வேண்டும்.

ஆனால் பிள்ளைகளிடம் பேச வேண்டியதை நிர்வாகம் பேச முடியாது. எங்கள் தெருவில் பேசினோம். கிரிக்கெட் பார்ப்பது சரியா என்ற விவாதத்துக்குள் போகவில்லை; அதைத் தொடங்கினால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். மஃரிபைப் பற்றித்தான் முதலில் கேட்டோம். ஆட்டம் ஏழரைக்கு என்றால் மஃரிப் நேரம் வாயில் வரிசையில் கழிகிறது. அரங்கத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. 1795-இல் நவாப் குடும்பம் கட்டியது. ரமளானில் அங்கே நோன்பு திறக்க வருவோருக்கு, சிந்தி சமூகத்துச் சூஃபிதார் அறக்கட்டளையின் இந்துத் தொண்டர்கள் பல பத்தாண்டுகளாகப் பரிமாறி வருவதைச் சென்னை அறியும். 2024-இல் தொடக்க ஆட்டம் மார்ச் 22, ரமளான் வெள்ளிக்கிழமை அன்று அமைந்தது. அன்று அங்கே நோன்பு திறந்து, மஃரிப் தொழுது, பிறகு அரங்கத்துக்குப் போன எங்கள் பிள்ளைகள் இருவர் அதை மற்றவர்களுக்குச் சொன்னார்கள். நாங்கள் சொன்னதைவிட அது எடுபட்டது.

திரும்பும் விஷயத்தில் அவர்களே ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டார்கள். கடைசிப் பந்து முடிந்ததும் எழுந்து ஓடுவதில்லை. இருக்கையிலேயே இருபது நிமிடம். பிறகு மெதுவாக நடை. நடைமேடையில் முதல் மூன்று இரயில்களை விட்டுவிடுவது. பெண்கள் பெட்டியின் கதவுப் பக்கம் போகாமல், அங்கே நிற்பவர்களுக்கு மற்றவர்களிடமிருந்து வழி வாங்கிக் கொடுப்பது. அவர்களில் ஒருவன் இதற்கு "ஸவ்தா ரயில்" என்று பெயர் வைத்திருக்கிறான். அன்னையின் பெயரை இப்படி வைக்கலாமா என்று ஹஜரத்திடம் கேட்டிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை.

நான்காவது இரயிலில் ஏறினால் காலடிப்பேட்டைக்கு வந்து சேர நள்ளிரவு தாண்டிவிடுகிறது. அம்மாதான் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார். தாமதத்துக்காக அவர் ஒன்றும் சொல்வதில்லை. அவருடைய முறையீடெல்லாம், அடுத்த நாலைந்து மணி நேரத்தில் அவர்களை ஃபஜ்ருக்கு எழுப்புவது பற்றித்தான்.