வேப்பிலைச் சாறு சொன்ன பதில்

தண்ணீர் கலங்கலாக இருந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நாற்றமடித்தால் மூக்கு சொல்லிவிடும். ஆனால் பாதரசம், ஈயம், ஆர்சனிக் போன்றவை கலந்திருந்தால் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ஈயமும் ஆர்சனிக்கும் காய்ச்சினாலும் போகாது. நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும்.

இந்தியத் தர அளவின்படி, குடிநீரில் பாதரசம் லிட்டருக்கு 0.001 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இவ்வளவு நுணுக்கமாக அளக்க, விலை உயர்ந்த கருவிகள் கொண்ட ஆய்வகம் வேண்டும். அதனால்தான், நிறம் மாறுவதை வைத்தே மாசைக் கண்டுபிடிக்கும் எளிய வழிகளை விஞ்ஞானிகள் தேடுகிறார்கள். அதில் ஒன்றுக்குத் துணை நிற்பது நம் வேப்பிலை.

வேப்பிலைச் சாற்றைக் கொண்டு வெள்ளி, தங்க நானோ துகள்களை வேகமாக உருவாக்க முடியும் என்று புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் 2004-ல் காட்டினார்கள். ஆம்பூர் பக்கத்தைச் சேர்ந்த ஒரு முதுகலை வேதியியல் மாணவி தன் ப்ராஜெக்ட்டுக்கு எடுத்துக்கொண்டதும் இதைத்தான்.

செய்முறை எளிது. வேப்பிலையைக் கழுவி, கொதிக்கவைத்து, வடிகட்ட வேண்டும். அந்தச் சாற்றை வெள்ளி நைட்ரேட் கரைசலில் சேர்த்தால், மெல்ல மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். இலையில் உள்ள பொருள்கள் வெள்ளி அயனிகளை வெள்ளித் துகள்களாக மாற்றுகின்றன. அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி மேலே போர்த்தியும் விடுகின்றன. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த அளவில் வெள்ளி நாம் அறிந்த வெள்ளி நிறத்தில் இருப்பதில்லை. துகளில் உள்ள எலக்ட்ரான்கள் நீல ஒளியை அதிகம் உறிஞ்சுவதால் கரைசல் மஞ்சளாகத் தெரிகிறது.

இதில் பாதரச அயனிகளைச் சேர்த்தால் அவை வெள்ளியைக் கரைத்து, துகளின் இயல்பையே மாற்றிவிடும். நிறம் வெளுக்கும். கல்லூரி ஆய்வகத்தில் அவளுக்கும் அப்படியே வெளுத்தது. வீடியோ எடுத்து ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள்.

எல்லோரும் கைதட்டும் எமோஜி அனுப்ப, அவளுடைய ஆயா மட்டும் போன் செய்தார். "ஏன் கண்ணு, நம்ம கெணத்துத் தண்ணிய அதுல ஊத்திப் பாத்தியா?"

தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டுப்போன பகுதி அது. அந்தக் கேள்வி ஆயாவுக்கு விளையாட்டல்ல. அடுத்த வாரம் அவள் ஊருக்குப் போய் ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் எடுத்து வந்தாள். சோதனைக் குழாயில் ஊற்றினாள். மஞ்சள் வெளுத்தது.

பாதரசமா? வீட்டில் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தெருவே பயந்துபோகும். அதனால் சொல்வதற்கு முன் இன்னொரு குழாயில் வெறும் உப்புத் தண்ணீரை ஊற்றினாள். அதுவும் வெளுத்தது.

உப்பு அதிகமானால் இலைப் போர்வை தாங்காமல் துகள்கள் கூட்டமாகச் சேர்ந்துவிடும், நிறமும் போய்விடும். தோல் பதனிடுவதில் உப்புக்குப் பஞ்சமே இல்லை. அந்தத் தொழிலில் முக்கியக் கவலையான குரோமியத்தையோ, பாதரசத்துக்காகச் செய்த இந்தச் சோதனை தேடவே இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. வெறும் கண்ணுக்கு நிறமாற்றம் தெரியத் தேவையான பாதரசம், பொதுவாகக் குடிநீர் வரம்பைவிடப் பல மடங்கு அதிகம். ஆக, நிறம் மாறாவிட்டாலும் தண்ணீர் நல்லது என்று அர்த்தமில்லை.

அவள் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பினாள். குரோமியம், பாதரசம், உப்பு என்று தனித்தனியாக எழுதிக் கொடுத்தாள். கேட்காததை யாரும் பார்த்துச் சொல்ல மாட்டார்கள். ரிசல்ட்டில் உலோகங்கள் இரண்டும் வரம்புக்குள் இருந்தன. உப்பு மட்டும் குடிக்க முடியாத அளவு.

"அப்போ உன் வேப்பிலை பொய் சொல்லிச்சா?" என்றார் ஆயா.

"பொய் இல்ல ஆயா. தண்ணியில ஏதோ இருக்குன்னு சொல்லிச்சு. என்னன்னு சொல்ல அதுக்கு இன்னும் தெரியல."

உப்பு நீரிலும் ஏமாறாத துகள்களைச் செய்வதுதான் இப்போது அவளுடைய வேலை. குடிக்க மட்டும் வீட்டில் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள்.