திறவாத பக்கம்

2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் இறுதி நாட்கள் இலங்கை மக்களின் நினைவிலிருந்து எளிதில் அகலக்கூடியவை அல்ல. எரிபொருட் பற்றாக்குறையால் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்த காலம் அது. அந்நாட்களில் ஒரு மாலைப்பொழுது. வடமராட்சிக் கிராமம் ஒன்றில், கலைப்பீடத்து மாணவி ஒருத்தி தன் வீட்டுப் பழைய கணனியின் முன் அமர்ந்திருந்தாள். இலக்கிய வரலாறு பற்றிய ஒப்படையை அன்று நள்ளிரவுக்குள் பல்கலைக்கழகக் கற்றல் தளத்திற் சேர்ப்பிக்க வேண்டும். ஆறே முக்காலுக்கு வந்த மின்சாரம் ஒன்பது மணிக்கு மீண்டும் போய்விடும். தளமோ திறக்க மறுத்தது.

இத்தகைய வேளையில் எவரும் செய்வதையே அவளும் செய்தாள். பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தாள். றவுட்டரின் இணைப்பைக் கழற்றிப் பூட்டினாள். கணனியை அணைத்து மீள இயக்கினாள். அது இயங்கத் தொடங்குகையில் கரிய திரையில் ஆங்கில வரியொன்று தோன்றிற்று; விசையொன்றை அழுத்தி அதனைக் கடந்தாள். உலாவியிலும் ஆங்கில எச்சரிக்கையொன்று வந்தது. வந்த ஒவ்வொரு முறையும் வாசியாமலே மூடினாள். “எனக்குக் கணனி விளங்காது” என்ற பழைய தாழ்வுணர்ச்சி மேலெழுந்தது. கலைப்பீடத்து மாணவர் பலர் தம்மைக் குறித்துத் தாமே வழங்கிக்கொள்ளும் தீர்ப்பு அது. விசாரணை நிகழுமுன் வழங்கப்படும் தீர்ப்பு என்பதே அதன் குறை.

உண்மையில், திறவாத பக்கம் என்பது ஒரு நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறி. ஒரு தளத்தின் பெயரை எழுதியவுடன் நிகழ்வன பல. முதலில் அப்பெயர் எண்முகவரியாக மாற்றப்படுகிறது. 1983 இல் போல் மொக்கபெட்றிஸ் வகுத்த ஆட்களப் பெயர் முறைமையின் பணி இது. பின்னர் அம்முகவரியிலுள்ள சேவையகத்துடன் தொடர்பு ஏற்படுகிறது. அதன்பின் சேவையகம் தன் அடையாளத்தை மெய்ப்பிக்கும் சான்றிதழைக் காட்டுகிறது. அதனை ஏற்றுக்கொண்ட பின்னரே பக்கத்தின் உள்ளடக்கம் வந்து சேர்கிறது. இறுதியாக, வந்த பக்கத்தினுள் அடங்கிய ஆணைநிரல்கள் வீட்டுக் கணனியிலேயே இயங்குகின்றன. இவற்றுள் எப்படி தவறினாலும் பார்ப்பவருக்குத் தெரிவது ஒன்றே: பக்கம் திறக்கவில்லை.

ஆயினும் ஒவ்வொரு தவறும் தனக்குரிய தடத்தை விட்டுச் செல்கிறது. பெயரைக் கண்டறிய இயலவில்லை என்று உலாவி கூறுமாயின் குறை முதற் படியில் இருத்தல் கூடும். 503 என்ற எண் தோன்றுமாயின் சேவையகம் அவ்வேளையிற் பணிசெய்யும் நிலையில் இல்லை. பக்கம் பாதி தோன்றி உறைந்து நிற்குமாயின், ஆணைநிரலின் பளுவைக் கணனியின் நினைவகம் தாங்கவில்லையோ என ஐயுறலாம். ஏனைய பக்கங்களை மூடிவிட்டு, உலாவியின் தனிமைச் சாளரத்தில் அதே தளத்தைத் திறந்து பார்ப்பது இதற்கான எளிய சோதனை. அங்குத் திறக்குமாயின், சேமித்து வைக்கப்பட்ட பழைய படியோ, உலாவியுடன் இணைத்த துணைநிரலோ குற்றவாளி எனக் கொள்ளலாம்.

குறை வீட்டிலேயே இல்லாதிருத்தலும் உண்டு. 2021 ஒக்ரோபர் 4 ஆம் திகதி பேஸ்புக் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் உலகெங்கும் மறைந்துபோயிற்று. பராமரிப்புப் பணியில் நேர்ந்த தவறினால், அந்நிறுவனத்தின் வலையமைப்புக்குச் செல்லும் வழியை உலகுக்கு அறிவிக்கும் செய்திகள் நின்றுபோனமையே காரணம். அன்று வீட்டுக் கணனியை எத்தனை முறை அணைத்து இயக்கினாலும் பயன் விளைந்திராது. ஆகவே முதலில் எழுப்பவேண்டிய வினா “எப்படித் திருத்துவது?” என்பதன்று, “குறை எங்கே உள்ளது?” என்பதே.

மாணவியும் ஈற்றில் அவ்வினாவுக்கே வந்து சேர்ந்தாள். மின்னேற்றம் பெற்று உயிர்த்த கைத்தொலைபேசியில், அதே வீட்டு இணைப்பில், அதே தளத்தைத் திறந்தாள். உடனே திறந்தது. தளம் நலமாயிருந்தது, இணைப்பும் நலமாயிருந்தது. எஞ்சியது கணனி ஒன்றே. அதில் மின்னஞ்சலும் திறக்கவில்லை. ஆனால், பாதுகாப்புச் சான்றிதழ் ஏதுமற்ற மிகப் பழைய தளமொன்று மாத்திரம் தடையின்றித் திறந்தது. இவ்வேறுபாட்டின் பொருள் அவளுக்கு விளங்கவில்லை.

அப்போது, மின்சாரம் போக இன்னும் எவ்வளவு நேரமுண்டு என்றறியத் திரையின் மூலையைப் பார்த்தார் தாய். “பிள்ளை, இப்ப ஏழரை தானே? உதிலை பன்னிரண்டே முக்கால் எண்டெல்லோ கிடக்கு” என்றார்.

மணி மாத்திரமன்று, ஆண்டும் பிழையாக இருந்தது. கணனியின் நாட்காட்டி 2012 சனவரி முதலாம் திகதியில் நின்றது. தாய்ப்பலகையில் நாணயம் போன்ற மூன்று வோல்ற் பற்றரி ஒன்று உண்டு. மின்சாரம் அற்ற வேளையில் கணனியின் கடிகாரத்தை ஓடச்செய்வது அதுவே. ஆண்டுகள் பலவாகத் தேய்ந்த அப்பற்றரி நீண்ட மின்வெட்டுகளைத் தாங்காமல் ஓய்ந்துவிட்டது. சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. பத்தாண்டு பின்தங்கிய கணனிக்கு, 2022 இன் சான்றிதழ்கள் யாவும் இன்னும் பிறவாதவை. ஆதலால் அவற்றை அது நம்ப மறுத்தது. திகதியைத் திருத்தியதும் தளம் திறந்தது. ஒன்பது மணிக்கு முன்னரே ஒப்படை சேர்ந்தது.

அவள் வாசியாது மூடிய எச்சரிக்கை, கணனியின் கடிகாரம் பின்தங்கியுள்ளது என்பதையே கூறியிருந்தது. இயங்கத் தொடங்குகையில் தோன்றிய வரியும் அதனையே சுட்டியது. கணனி உண்மையை மறைக்கவில்லை. அச்சமும் ஆங்கிலமும் சேர்ந்து அவளை வாசிக்கவிடவில்லை.

இதில் இலக்கிய மாணவருக்கு அந்நியமானது எதுவும் இல்லை. சிறுப்பிட்டியிற் பிறந்து, 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை பொருள் விளங்காத பாடலைக் கண்டு புலவனையோ தம்மையோ நொந்துகொண்டிருந்தால், அந்நூல் அச்சேறியிராது. ஏட்டோடு ஏட்டை ஒப்புநோக்கி, பிழை எந்த இடத்தில் நுழைந்ததெனத் தேடுவதே பதிப்பாசிரியன் கடன். கணனியில் திறவாத தளத்தைக் கைத்தொலைபேசியில் திறந்து பார்த்தபோது அம்மாணவி செய்ததும் அதுவே. கலைப்பீடத்தில் அவள் கற்ற முறை அவளுடனேயே இருந்தது. அதனைக் கணனிக்கு முன்பும் கையாளலாம் என்பதை மாத்திரம் எவரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.