கண்ணாடி எங்கே?

இடுப்பெலும்பு முறிந்த என் உம்மாவுக்குச் சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள் இரவு, என்னைப் பார்த்தே "நீங்க யாரு?" என்றார். சுவரோரம் ஆட்கள் நிற்பதாகப் பயந்தார். ஜின் என்றார்கள் உறவினர்கள். தண்ணீரில் ஓதிக் கொடுத்தேன். ஓதுவதை நான் குறை சொல்லவில்லை.

வைத்தியரோ, "முதுமை, மயக்க மருந்து, வலி, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்த குழப்பம் இது. அவருடைய கண்ணாடி எங்கே?" என்றார். அதைப் பத்திரமாக வீட்டில் பூட்டி வைத்திருந்தோம்! கண்ணாடியை அணிவித்து, தங்கை பக்கத்திலிருந்து நாளையும் நேரத்தையும் சொல்லச் சொல்ல, நான்காம் நாள் தெளிந்தார்.

எல்லோருக்கும் இப்படி விரைவில் தெளிவதில்லை. 1998இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், பெரிய சத்திரசிகிச்சை செய்துகொண்ட முதியோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, மூன்று மாதங்களின் பின்னும் ஞாபகமும் சிந்தனையும் மந்தமாகவே இருந்தன.

புத்தி தெளியாதவர்மீது தொழுகை கடமையில்லை என்று மாணவர்களுக்குப் படித்துக் கொடுப்பவன் நான். அன்றிரவு, "ஏன் உம்மா தொழவில்லை?" என்று அதட்டியவனும் நான்தான்.