வால்கா நதிக் கரையில் ஒரு தாய்

மாஸ்கோவிலிருந்து பீட்டர்ஸ்பர்க் செல்லும் ரயிலில் ஏறினால், சுமார் 170 கிலோமீட்டர் தாண்டியதும் ட்வேர் என்ற ஊர் வரும். அங்கே வால்கா நதிக் கரையில் ஒரு வியாபாரியின் சிலை நிற்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் இவ்வூரிலிருந்து நம் பாரத நாட்டுக்கு வந்து, கண்டதையெல்லாம் எழுதி வைத்த அபனாஸி நிகிட்டின்தான் அவர். ஆனால் நான் இன்று சொல்லப் போவது, அவருக்கும் முன்னால் இங்கே வாழ்ந்த அன்னா என்ற ராணியின் கதையை.

அந்நாளில் ருஷ்யா ஒரே நாடாக இல்லை. பல சிற்றரசுகள், எல்லாவற்றுக்கும் மேலே தார்த்தாரியரின் கான். சிற்றரசர்களில் யார் 'பெரிய இளவரசர்' என்பதை அவன்தான் தீர்மானிப்பான். அந்தப் பட்டம் அன்னாவின் கணவன் மிகாயிலுக்குக் கிடைத்தது. மாஸ்கோ இளவரசன் யூரிக்குப் பொறுக்குமா? மிகாயில் அவனுக்குச் சிற்றப்பா முறை. தாயாதிக் காய்ச்சல் என்கிறோமே, அது எந்த நாட்டில்தான் இல்லை!

யூரி, உஸ்பெக் கானின் சகோதரியையே மணந்துகொண்டு, தார்த்தாரியப் படையோடு ட்வேர் மீது வந்தான். 1317 டிசம்பரில் நடந்த போரில் மிகாயில் வென்றான். யூரியின் புது மனைவி சிறைப்பட்டாள். ட்வேரிலேயே இறந்தும் போனாள். விஷம் வைத்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. கான் மிகாயிலை அழைத்தான். போகாவிட்டால் ஊர் அழியும் என்று மிகாயில் புறப்பட்டான். நெர்ல் ஆறு வரை கூடச் சென்று அன்னா விடை கொடுத்தாளாம். 1318 நவம்பரில் கானின் பாளையத்தில் அவன் கொல்லப்பட்டான்.

அதோடு முடிந்ததா? 1325-ல் அன்னாவின் மூத்த மகன் திமித்ரி, கானின் பாளையத்திலேயே யூரியை வெட்டிப் பழி தீர்த்தான். மறு வருஷம் கான் அவனுக்கு மரண தண்டனை விதித்தான். 1327-ல் ட்வேர் மக்கள் தார்த்தாரியரை எதிர்த்துக் கிளம்பினார்கள். யூரியின் தம்பி இவான் தார்த்தாரியப் படையுடன் சேர்ந்து வந்து ஊரைப் பாழாக்கினான். 1339-ல் அன்னாவின் இன்னொரு மகன் அலெக்ஸாந்தரும், பேரன் பியோதரும் ஒன்றாகக் கொல்லப்பட்டார்கள். ட்வேர் தேவாலயத்தின் மணியைக்கூட இவான் மாஸ்கோவுக்கு எடுத்துப் போனான்.

சகோதரிகளே, கணவன், இரண்டு மகன்கள், பேரன் என நான்கு பேரைப் பறிகொடுத்த அந்தப் பெண்ணின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! அன்னா துறவறம் பூண்டாள். கடைசி மகன் ஆண்ட காஷின் என்ற சிற்றூரில் 1368-ல் கண் மூடினாள்.

1485-ல் மாஸ்கோ ட்வேரை விழுங்கியது. அப்போதைய மாஸ்கோ மன்னன் மூன்றாம் இவானின் காலஞ்சென்ற முதல் மனைவி, ட்வேரின் கடைசி இளவரசனுடைய தமக்கை. மைத்துனன் என்றும் பார்க்கவில்லை!

அன்னாவை 1650-ல் புனிதவதி என்று அறிவித்தார்கள். பிறகு, சிலுவைக் குறி இடுவது இரண்டு விரலாலா மூன்று விரலாலா என்று ருஷ்யத் திருச்சபையில் எழுந்த சண்டையில், அந்தப் பட்டத்தையும் பறித்தார்கள். 1909-ல்தான் அது திரும்பக் கிடைத்தது. பட்டத்துக்காக நடந்த சண்டையில் எல்லாம் இழந்தவளை, இறந்த பிறகும் ஒரு பட்டச் சண்டை விடவில்லை, பாருங்கள்!