ஒரே கூட்டுத்தொகை, வெவ்வேறு பாரம்

மனச்சோர்வை முதற்கட்டமாகக் கண்டறியும் பிஎச்கியூ-9 படிவத்தில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாள் இருந்தது என்று கேட்டு 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுகிறோம். அதிகபட்சம் 27, மேற்கொண்டு கவனிக்க வேண்டியவர் என்று கொள்ளும் வழக்கமான எல்லை 10. குரோன்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் மூவரும் அமெரிக்க நோயாளிகளிடம் சோதித்து 2001-இல் வெளியிட்ட கருவி இது. தருமபுரியில் இதைக் கையில் எடுக்கும்போது நான் முதலில் நினைப்பது இந்த ஊர்த் தண்ணீரை.

மாவட்டத்தின் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்பு ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்து, முதுகும் மூட்டும் இறுகிப்போனவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு பெரியவரிடம் அசதி, தூக்கமின்மை, நடை தளர்வு பற்றிக் கேட்டால் மூன்றுக்கும் “தினமும்தாங்க” என்பார். சோகத்துக்கோ அவநம்பிக்கைக்கோ ஒரு மதிப்பெண்கூட விழாமலேயே ஒன்பது சேர்ந்துவிடும். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் யானைக்கும் பன்றிக்கும் இரவுக் காவல் இருக்கும் விவசாயியின் தூக்கமும் அப்படியே. மறுபுறம், பெங்களூரில் கட்டட வேலை செய்யும் இளைஞர் “மனசுக்கு ஒண்ணும் இல்லைங்க” என்று முடித்துக்கொண்டால், உள்ளே உடைந்திருந்தாலும் எல்லைக்குக் கீழேயே நின்றுவிடுவார்.

ஒரு பிரிவினரின் சராசரி கூடுதல் என்பதால் மட்டும் கேள்வி சாய்ந்திருக்கிறது, அதாவது துயரம் அல்லாத வேறொன்றையும் அளக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் உண்மையிலேயே அதிகம் துயரப்படலாம். எனவே சம அளவு துயரம் உள்ளவர்களையே ஒப்பிட வேண்டும். மொத்த மதிப்பெண்ணை 0–4, 5–9, 10–14 என்று அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் ஆண்–பெண், முதியவர்–இளையவர், மலையூர்–சமவெளி என்று பதில்களைப் பார்க்கிறோம். எல்லா அடுக்கிலும் ஒரே பிரிவு “அசதி”க்கு அதிகம் ஆம் சொன்னால், அந்தக் கேள்வி வேறெதையோ சேர்த்து அளக்கிறது. 1959-இல் மேன்டலும் ஹேன்சலும் நோய் ஆய்வுக்கு வகுத்த இந்தக் கணக்கை 1988-இல் ஹாலண்டும் தேயரும் தேர்வுக் கேள்விகளுக்குக் கொண்டுவந்தார்கள். சாய்வு அடுக்குக்கு அடுக்கு மாறினால் அதைப் பிடிக்க, 1990-இல் சுவாமிநாதனும் ராஜர்ஸும் லாஜிஸ்டிக் முறையைக் காட்டினார்கள்.

ஆனால் அடுக்கு பிரிக்க உதவும் மொத்தமே சாய்ந்த கேள்விகளால் ஆனதாக இருந்தால்? எல்லாக் கேள்வியும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் கணக்கில் எதுவுமே தெரியாது. ஆகவே சாய்வு தெரிந்த கேள்வியை விலக்கி மீண்டும் அடுக்க வேண்டும். அதோடு, பதில் சொன்னவரிடமே “எதை நினைச்சு அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்க வேண்டும். புள்ளிவிவரம் இடத்தைக் காட்டும். காரணத்தை மனிதர்தான் சொல்வார்.

சாய்ந்த கேள்வியை உடனே வெட்டிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தீராத வலி மனச்சோர்வையும் கொண்டுவரும். வலியிருப்பவரின் அசதியை ஒதுக்கினால் உதவி தேவைப்படுபவரே விடுபடுவார். ஒவ்வொரு பிரிவிலும் மருத்துவரின் நேர்காணலோடு ஒப்பிட்டு 10 என்ற எல்லை அங்கே பொருந்துகிறதா என்று பார்ப்பதே நேர்மையான வழி. அதுவரை, எட்டோ ஒன்பதோ எடுத்தவரையும் உட்காரவைத்துப் பேசுவோம். சாவை நினைப்பது பற்றிய ஒன்பதாம் கேள்விக்கு ஆம் என்றவரிடம், மொத்தம் எவ்வளவானாலும், அன்றைக்கே பேசியாக வேண்டும்.