அடுப்பேறாத ரொட்டி

மெக்சிகோவின் எல்லை ஊரான தெகாத்தேவில் பேர்பெற்ற பேக்கரி ஒன்று உண்டு. கலிஃபோர்னியாவிலிருந்து எல்லை தாண்டி வருபவர்கள்கூடப் பை நிறைய ரொட்டி வாங்கிச் செல்கிறார்கள். அதே ஊரில்தான், அடுப்பே வேண்டாம் என்ற இன்னொரு ரொட்டிக்கும் கதை இருக்கிறது.

குமியாய் பழங்குடியினர் புனிதமாகக் கருதும் குச்சுமா மலையின் அடிவாரத்தில், 1940-ல் எட்மண்ட் செகேலியும் மனைவி டெபோராவும் 'ராஞ்சோ லா புவேர்த்தா' என்ற நலவாழ்வு முகாமைத் தொடங்கினார்கள். வாரத்துக்கு 17.50 டாலர். கூடாரத்தை வருபவர்களே கொண்டுவர வேண்டும்! இன்று அது வசதியானவர்கள் தங்கும் சொகுசு விடுதி.

செகேலி வெளியிட்ட எசீன் நற்செய்தி நூலில் அந்த ரொட்டியின் செய்முறை வருகிறது. கோதுமையை முளைகட்டி, நசுக்கி, வடாம் போல மெல்லிய வில்லைகளாக்கி, வெயிலில் இருபுறமும் காயவைக்க வேண்டும். பழைய அராமிய ஏட்டிலிருந்து மொழிபெயர்த்தது என்றார் செகேலி. அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. ஏடு பொய்யோ மெய்யோ, ரொட்டி மட்டும் பிழைத்துக்கொண்டது.

வெயிலுக்குப் பதில் இப்போது டிஹைட்ரேட்டர். தட்டுகள் அடுக்கிய பெட்டி, உள்ளே சிறு ஹீட்டர், ஒரு ஃபேன், அவ்வளவுதான். இரவு ஊறிய கோதுமையில் முளை எட்டிப் பார்த்ததும் நீரை நன்றாக வடிக்க வேண்டும். முளை நீண்டுவிட்டால் மாவு பசையாகிவிடும். கொரகொரப்பாக அரைத்து, உப்பும் வெங்காயமும் ஆளி விதைப் பொடியும் சேர்த்து, தட்டில் அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புகிறார்கள். சூடு 46 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. பாதியில் திருப்பிப் போட்டு, ஒரு பகலோ இரவோ விட்டால் தயார். பஞ்சு போன்ற ரொட்டியை எதிர்பார்க்க வேண்டாம். மென்று தின்ன வேண்டும். முளைக்கும்போது மாவுச்சத்தில் கொஞ்சம் சர்க்கரையாக மாறுவதால் லேசாக இனிக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. தானியம் முளைக்கும் ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் பிடித்தமானவை. 46 டிகிரியில் ஈரம் போகும், கிருமி சாகாது. ஜெர்மனியில் 2011-ல் பச்சை வெந்தய முளைகளால் பரவிய ஈ.கோலை கிருமி 50 பேருக்கு மேல் உயிரைப் பறித்தது. குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களுக்கு இந்தப் பச்சை ரொட்டி வேண்டாம். அவர்களுக்கு அதே மாவைத் தோசைக்கல்லில் மெல்லிசாகத் தட்டி, இருபுறமும் நன்றாக வேகவைத்துக் கொடுக்கலாம்.